ஹோக்கெ என்றால் சரி இல்லை

யாங்கோனில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன அலுவலகத்துக்குக் கணக்கு எழுதப் போனவன் நான். நடுநடுவே கதையும் எழுதுவேன். மொகல் தெருவில் மாடி அறை. பலகையில் ஷ்வேபோந்தா தெரு என்றுதான் இருக்கும். எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் மொகல் தெரு. பர்மிய மொழியும் தமிழும் எனக்கு ஒரே வேகத்தில் வரும் என்று தெரிந்த இரண்டாவது மாதமே, முதலாளி என்னை ஸ்பீக்கர் போட்ட போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். எதிரே பயின்னவுங் சந்தைத் தரகர், போனில் சென்னை வியாபாரி, நடுவில் நான். இங்கே காலை பதினொன்று என்றால் அங்கே பத்து. அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கிடையே உள்ள தூரம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதல் வருஷத்திலேயே பெரிய தப்பு ஒன்று செய்தேன். சென்னைக்காரர் எஃப்.ஏ.க்யூ. என்கிற சாதாரணத் தர உளுந்துக்கு ஒரு விலை சொன்னார். தரகர் “ஹோக்கெ, ஹோக்கெ” என்று தலையாட்டினார். “சரிங்கிறாரு அண்ணே” என்றேன். அவர் அந்த விலையை நம்பி விருதுநகர் பருப்பு மில்லுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இங்கே சரக்கும் இல்லை, விலையும் இல்லை. போனில் வாங்கிய திட்டை எழுத முடியாது. தரகர் பொய் சொல்லவில்லை. பர்மியர் பேச்சில் ஹோக்கெ என்பது பல நேரம் ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்பதோடு நின்றுவிடும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்கிற கூச்சம். அதற்கு ‘ஆனாடே’ என்று பெயர். முதலாளி கத்தவில்லை. “வாய் சொன்னதச் சொல்லிட்ட. கையப் பாத்தியா? தட்டுல இருந்த உளுந்த ஒரு தடவகூட அவரு தொடலயேப்பா” என்றார்.

வாங்கவோ விற்கவோ மனசு உள்ளவன் தட்டில் கை வைப்பான். குத்தூசியால் மூட்டையில் குத்தி எடுத்த உளுந்தைக் கிளறுவான், ஒன்றிரண்டைப் பல்லில் வைத்துக் கடிப்பான். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு.

இதெல்லாம் கதை எழுதுகிறவனுக்கு எதற்கு என்றால், அந்த நாளில் என் கதைகளில் எல்லாருமே மனசில் இருப்பதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவன் அதே கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வான், கீழே நான் ‘என்று வேதனையுடன் கூறினான்’ என்று முத்திரை குத்துவேன். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆன பிறகு இங்கே தமிழ் என்பது பெரும்பாலும் கோயில் வகுப்போடு சரி. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படித்தவன்தான். அதனால் பாத்திரங்களும் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரியே பேசினார்கள் போல.

திட்டு வாங்கியதிலிருந்து சாம்பிள் பொட்டலங்களின் பின்பக்கத்தில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். என்ன கேட்டார்கள், பதிலுக்கு எதைப் பற்றிப் பேசினார்கள். விலை கேட்டால் மழை. எப்போது சரக்கு வரும் என்றால் மகள் கல்யாணம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, ஆள் நிற்பது அங்கேதான். பழைய கதை ஒன்றை எடுத்து ‘வேதனையுடன்’, ‘கோபத்துடன்’ எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தேன். பாதிக் கதை காணாமல் போயிற்று. மீதியில் இரண்டு வரி தேறியது.

அதைவிடப் பெரிய தொல்லை, பர்மியர் எந்தத் தமிழில் பேசுவது? செந்தமிழில் எழுதினால் பயின்னவுங் மூட்டைக்காரர் நாடக மேடை ராஜா ஆகிவிடுகிறார். மதுரைப் பேச்சில் எழுதினால் லுங்கி கட்டிய மதுரைக்காரராகவே ஆகிவிடுகிறார். ஒரு கதையில் பதினான்கு அடிக்குறிப்பு போட்டு ஸயா, ஆனாடே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியிருந்தேன். நண்பர் படித்துவிட்டு, “கதை மேலயா கீழயா?” என்றார். எடை அளவையே பாருங்கள், இங்கேயும் வீசை, பழைய மதராஸிலும் வீசை. ஆனால் அங்கே அது 1.4 கிலோ, இங்கே 1.63. சொல்லை மட்டும் கொண்டுவந்தால் எடை குறையும். இப்போது ஊர் வாடை இல்லாத எளிய பேச்சுத் தமிழில் குட்டி வாக்கியங்களாக எழுதுகிறேன். மரியாதைச் சொல் மட்டும் பர்மியமாகவே இருக்கும். விளக்கம் கிடையாது. ‘ஸயா’ என்று நாலு தடவை வந்தால் வாசகருக்கே பிடிபட்டுவிடும். இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். பெண்கள் பேசும் பர்மியத்தின் குழைவு தமிழில் இன்னும் எனக்குக் கைவரவில்லை.

2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. அன்று மதியம் பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மாசியில் வாங்கிய சரக்கு குடோனில் கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் இருந்தார். வெறும் தேநீரை ஊற்றி ஊற்றிக் குடித்தார். என் பையனின் பரீட்சை பற்றி விசாரித்தார். உளுந்து என்ற சொல்லே வரவில்லை. அதைக் கதையாக எழுதியபோது முதலில் அவரை அழ வைத்தேன். பிறகு படியிறங்கும்போது தடுமாற வைத்தேன். இரண்டும் நான் அடித்த பொய். நான்காவது வரைவில் பரீட்சை விசாரிப்பையும் தேநீரையும் மட்டும் வைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த பர்மிய நண்பர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இங்கே பத்திரிகைக் கதைகள் 2012 வரைக்கும் தணிக்கைக்குப் போய்த்தான் அச்சேறின. பிடிக்காத பத்தி மேல் வெள்ளி மை பூசி விற்ற பழைய இதழ்கள் அவர் வீட்டில் உண்டு. “நீ இப்பத்தான் கத்துக்கிற, எங்களுக்குக் கத்துக்கொடுத்தவங்க வேற ஆளுங்க” என்றார். ஆனாலும் பயத்தில் சொல்லாமல் விடுவதும் கூச்சத்தில் சொல்லாமல் விடுவதும் ஒன்றா என்று அவரோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் சென்னைக்காரர் கூப்பிட்டார். எஸ்.க்யூ. என்கிற உயர்தர உளுந்து இரண்டு கன்டெய்னர் வேண்டுமாம். தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பகோ பக்கம் நல்ல மழை என்றார். கை மடியிலேயே இருந்தது.

“பகோ பக்கம் நல்ல மழையாம் அண்ணே” என்றேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“சரி தம்பி, வேற ஆளு பாருங்க” என்றார் அவர்.