லூசர்ன் மாநாடும் என் இரட்டைப் பெயரும்

2019 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் நடந்த சட்டத் தத்துவ, சமூகத் தத்துவ உலக மாநாட்டுக்குப் போய்வந்தேன். அதை நடத்தும் சங்கத்தைத் துறைக்காரர்கள் ஐ.வி.ஆர். என்பார்கள். 1909இல் பெர்லினில் தொடங்கிய சங்கம். அந்த வருடக் கருப்பொருள் மாண்பு, மக்களாட்சி, பன்மை. கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் சுகம்.

சிக்கல் என் பெயரில் ஆரம்பித்தது. நம் ஊர்க்காரர் பலரைப் போல எனக்கும் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போது, அவசரத்தில், அந்தக் கட்டத்தில் என் பெயரையே இரண்டாவது தடவையும் அடித்துவிட்டேன். அழைப்புக் கடிதமும் அப்படியே வந்தது, ராஜா ராஜா என்பது மாதிரி. சிரித்துவிட்டு அச்செடுத்து ஃபைலில் வைத்தேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை வந்து, விசா விண்ணப்ப மையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த பெண் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், இது வேற ஆள் மாதிரி இருக்கே.” விளக்கினேன். “எனக்குப் புரியுது சார். முடிவு பண்றவங்களுக்குப் புரியணுமே” என்றார். நியாயம்தான்.

அதோடு போகவில்லை. கல்லூரி கொடுத்த தடையில்லாச் சான்றில் முதல்வர் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. அதை வாங்கவே மூன்று நாள் அலைந்திருந்தேன். முத்திரை அலமாரிக்குள், சாவி விடுப்பில் போனவரிடம். “வெளிநாட்டுக்காரன் இதையெல்லாமா பாக்கப் போறான்” என்று அலுவலகத்தில் தைரியம் சொல்லி அனுப்பியவரை அன்று முழுக்க நினைத்துக்கொண்டேன். பயணக் காப்பீடு இன்னொரு கூத்து. முப்பதாயிரம் யூரோவுக்குச் சரியாகத்தான் எடுத்திருந்தேன். ஆனால் மாநாட்டுத் தேதியைப் பார்த்து 7 முதல் 13 வரை. திரும்பும் விமானமோ 14ஆம் தேதி! ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள், இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காப்பீடு வேண்டும். அன்று இரவே அதே ரயிலில் வெறுங்கையோடு ஊர் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். சர்நேம் இல்லையென்றால் அமைப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு விவரம் வங்கி முத்திரையோடு இருக்கட்டும். விசாவுக்காக மைத்துனரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கி ஒரே நாளில் கணக்கில் போடாதீர்கள். அந்த வரவு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

திருத்திய கடிதம் இரண்டே நாளில் வந்தது. முத்திரைக்கு ஒரு வாரம். இரண்டாவது தடவை கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தது கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு.

சூரிச் விமான நிலையத்திலிருந்து லூசர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். பல்கலைக்கழகம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது; முன்பு தபால் துறைக் கட்டடமாக இருந்ததாம். நான் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஊரில் கடையெல்லாம் அடைப்பு, நிலையத்துக்குள் இருந்த கடைகள் மட்டும் திறந்திருந்தன. தண்ணீர் பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், தெருக் குழாயிலேயே குடிக்கலாம். இது எனக்கு மூன்றாவது நாள்தான் தெரிந்தது.

என் கட்டுரை சட்டத் தத்துவ அறிஞர் ஜெரமி வால்ட்ரனின் வாதத்தைப் பற்றியது. ஒரு காலத்தில் பிரபுக்களுக்கு மட்டும் இருந்த அந்தஸ்தை எல்லோருக்கும் உயர்த்திக் கொடுப்பதுதான் மாண்பு என்கிறார் அவர். சாதி அந்தஸ்து அப்படி உயர்த்திக் கொடுக்கக்கூடியது இல்லை, கீழே ஓர் ஆள் இருந்தால்தான் அது நிற்கும் என்பது என் கட்சி. உதாரணத்துக்குக் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்ன 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டேன். அறையில் ஒன்பது பேர். முடித்ததும் ஒரு முதியவர் கை தூக்கி, “சட்டப்படி இல்லாத ஒரு வேலையில் மனிதர்கள் எப்படி இறக்கிறார்கள்?” என்றார். ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், ரசீது இல்லாத கூலி என்று விளக்கியதிலேயே கேள்வி நேரம் போய்விட்டது. வால்ட்ரனைப் பற்றி ராத்திரி முழுக்கத் தயாரித்த பதில்கள் பையிலேயே இருந்தன. ஆனால் மதிய உணவுக்கு அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அலைந்ததற்கு அது போதும் என்று தோன்றியது.

திரும்பி வந்து பயணச் செலவுக்கு விண்ணப்பித்தேன். போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தேன், கெத்தாக நீட்டினேன். கிளார்க் பங்கேற்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். கடிதத்தை மட்டும் திருத்தச் சொன்னவன், பதிவில் இருந்த பெயரை மறந்தே போயிருக்கிறேன்.

“ராஜா ராஜான்னு போட்டிருக்கே சார். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க.”