தொண்டு நிறுவனத்தோடு ஓராண்டு: பணிபுரியும் பெண்கள் குழுக்களுக்கு ஒரு நடைமுறைப் பகிர்வு

பணிபுரியும் பெண்கள் குழு ஒன்று தொண்டு நிறுவனத்துக்கு உதவ நினைத்ததும் முதலில் போடும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒரு சனிக்கிழமை, 20 பேர், சுவருக்கு வண்ணம், கடைசியில் ஒரு குழுப் புகைப்படம். நல்ல மனசோடுதான் போகிறோம். ஆனால் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. 20 பேருக்கு வேலை பிரித்துத் தரவும், தூரிகையும் ஏணியும் ஏற்பாடு செய்யவும், குழந்தைகளை வேறு அறைக்கு மாற்றவும் அங்கே இருக்கும் நான்கைந்து ஊழியர்களில் இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடிக்கும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பதிவேட்டில் ஏறாத ரசீதுகளும் பாதியில் நிற்கும் நிதி விண்ணப்பமும் அப்படியே மேசையில் கிடக்கும்.

ஒரு கணக்காளர், ஒரு வழக்கறிஞர், மனிதவளத் துறையில் இருப்பவர், மென்பொருள் எழுதுபவர், ஆசிரியர், மருத்துவர் என்று பல தொழில் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் கூடுவது இப்படிப்பட்ட குழுக்களில்தான். 1919-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தொடங்கிய சோன்டாவும், 1921-ல் அதே நாட்டின் ஓக்லண்டில் தொடங்கிய சோரோப்டிமிஸ்ட்டும் வேலையிலும் தொழிலிலும் இருந்த பெண்களைச் சேர்த்து உருவான சேவைச் சங்கங்கள். ரோட்டரி போன்றவை அப்போது பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. அந்தத் தொழில் அறிவைத்தான் நாமும் கொண்டுபோக வேண்டும். வண்ணம் பூச ஆள் கிடைத்துவிடும். ஆறு மாத வங்கிக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர் இலவசமாகக் கிடைப்பது அரிது.

முதல் வேலை நம் குழுவுக்குள்ளேயே. நிறுவனத்தைத் தேடிப் போகும் முன் உறுப்பினர்களிடம் ஒரு சிறு படிவம் கொடுக்கிறோம். பதவியைக் கேட்பதில் பயன் குறைவு. "யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் நீங்கள் முடித்துத் தரக்கூடிய வேலை எது?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். அடுத்து, எந்தக் கிழமை, எந்த நேரம், எத்தனை மாதம். பிறகு எல்லாரும் விட்டுவிடும் ஒரு கேள்வி: "எந்த வேலையைச் செய்ய விருப்பமில்லை?" நாள் முழுக்க கணக்கு பார்ப்பவர் மாலையிலும் கணக்கையே பார்க்க விரும்பாமல், குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்ட ஆசைப்படலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பணி ஒதுக்கினால் இரண்டாவது மாதமே பதில் வராது. வேலை பார்க்கும் நிறுவனத்தின் விதிகள் வெளிப்பணிக்கு முன் அனுமதி கேட்கின்றனவா என்பதையும் அதே படிவத்தில் கேட்டுவிடலாம்.

வந்த மணி நேரத்தை அப்படியே நம்பித் திட்டம் போடக் கூடாது. 24 பேர் மாதம் 3 மணி நேரம் என்றால் தாளில் 72 மணி நேரம். நாங்கள் அதில் பாதியை, 36 மணி நேரத்தை மட்டுமே வாக்குக் கொடுக்கிறோம். கணக்காளருக்கு ஆண்டு முடிவு, ஆசிரியருக்குத் தேர்வுக் காலம், பலருக்கு வீட்டில் குழந்தை அல்லது முதியவரின் பராமரிப்பு. உழைக்கும் பெண்ணின் நாளில் இரண்டாவது பணிநேரம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நம் திட்டம் அதோடு மோதினால் நம் திட்டம்தான் தோற்கும். ஒவ்வொரு பணிக்கும் இரண்டு பேர், ஒருவர் பொறுப்பு, இன்னொருவர் துணை என்று வைத்தால் இதில் பாதிச் சிக்கல் தீரும். துணையாக இருப்பவரும் எல்லாக் கோப்பையும் திறக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அது முக்கியம்.

அடுத்து, முதல் சந்திப்பு. இரண்டு பேர் போனால் போதும், 45 நிமிடம் போதும். அதற்கு முன்பே நிறுவனத்தின் பதிவு, கடைசி ஆண்டறிக்கை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, நிர்வாகக் குழுவில் யார் யார் என்பதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். எழுதப்பட்டிருப்பதையே கேட்டு அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்வது சரியில்லை.

"உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று தொடங்கினால் "பணம்" என்றோ "எதுவானாலும் சரி" என்றோதான் பதில் வரும். இரண்டுமே வேலைத் திட்டமாக மாறாது. பலன் தரும் கேள்விகள் மூன்று. கடந்த மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் வேலை எது? ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எது, அவர் விடுப்பில் போனால் எது நின்றுபோகும்? இதற்கு முன் வந்த தன்னார்வலர்களால் உங்களுக்கு என்ன சிரமம் ஏற்பட்டது? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் சின்ன தயக்கம் இருக்கும். அதைத் தாண்டிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பத்து நிமிடத்தில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. குறுக்கே பேசாமல், விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொண்டால் மட்டும் போதும்.

பிறகு ஒரு பக்கத் தாள். ஒப்பந்தம் என்ற பெரிய பெயர் வேண்டாம். என்ன வேலை, முடிந்தது என்று எப்படித் தெரியும், இரு பக்கத்திலும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எந்தக் கோப்புகளைப் பார்க்க அனுமதி, செலவு யாருடையது, எதைச் செய்ய மாட்டோம், இடையில் நிறுத்துவதென்றால் எப்படி. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள். "முடிந்தது என்று எப்படித் தெரியும்" என்ற வரிதான் இதில் உயிர். "நன்கொடையாளர் பட்டியலைச் சீர்படுத்துவது" என்று எழுதினால் அந்த வேலை முடியவே முடியாது. "மூன்று கோப்புகள் ஒரே கோப்பாக, ஒருவருக்கு ஒரு வரி, தொலைபேசி எண்கள் ஒரே வடிவில், இனி இதைப் புதுப்பிக்கப்போகும் ஊழியரின் பெயரோடு" என்று எழுதினால் முடியும்.

இந்தப் பட்டியல் வேலை எளிதாகத் தெரியும், கெடுவதும் எளிது. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதில்தான் வேலை செய்ய வேண்டும். பெயரை வைத்து இரண்டு வரிகளைச் சேர்க்கவே கூடாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தொலைபேசி எண் அல்லது மின்னஞ்சல் ஒத்துப்போனால் மட்டும் சேர்க்கலாம். சந்தேகமானவற்றை நாமே முடிவு செய்யாமல் தனி நெடுவரிசையில் குறித்து நிறுவனத்திடம் விட வேண்டும். எக்செல்லில் எண்ணாகப் பதிந்தால் தொடக்கத்தில் உள்ள பூஜ்யம் காணாமல் போகும்; தொலைபேசி எண் நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேதியில் நாள் முன்னா, மாதம் முன்னா என்பது கோப்புக்குக் கோப்பு மாறும். நன்கொடை ரசீதின் தேதி இதனால் தவறினால் வருத்தப்படுவது நன்கொடை தந்தவர்தான்.

குழந்தைகளோடு நேரடியாகப் பழகும் பணிக்கு அவசரம் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பு சட்டப்படி தேவைப்படும் இடங்களில் அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். எந்தத் தன்னார்வலரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, சொந்தத் தொலைபேசி எண்ணைப் பரிமாறக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தனிப் பரிசு கொடுக்கக் கூடாது. காப்பகக் குழந்தைகளிடம் வாரம் ஒருவராக வந்து அன்பு காட்டிவிட்டு மறைவது அவர்களுக்கு இன்னொரு பிரிவு. ஓராண்டு தொடர்ந்து வர முடியாதவர்கள் அலுவலகப் பணியை எடுத்துக்கொள்வதே அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் பெரிய உதவி. 1901-ல் நியூயார்க்கில் மேரி ஹாரிமன் தொடங்கிய ஜூனியர் லீக் என்ற பெண்கள் தன்னார்வச் சங்கம், புது உறுப்பினர்களுக்கென்று ஒரு பயிற்சிக் காலத்தை இன்றும் வைத்திருக்கிறது. சின்னக் குழுவானாலும் அரை நாள் பயிற்சியாவது வேண்டும்.

வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லம் என்றால் கவனம் இன்னும் பல மடங்கு. அங்கே முகவரிதான் பாதுகாப்பு. போகும் முன்பே தொலைபேசியில் இருப்பிடப் பகிர்வை அணைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரைபடக் குறி அனுப்பக் கூடாது. கட்டடம், வாசல், தெரு எதுவும் படத்தில் வரக் கூடாது. அங்கே போய்வந்தோம் என்பதைச் சமூக ஊடகத்தில் எழுதுவதும் வேண்டாம். நாங்கள் அந்த இல்லத்தின் பெயரை எங்கள் கூட்டக் குறிப்பில்கூட எழுதுவதில்லை, "இரண்டாவது பணி" என்று மட்டும் குறிப்பிடுகிறோம்.

தொழில் எல்லையையும் முன்பே பேசிவிட வேண்டும். கணக்கு எழுதித் தருபவரே அதைத் தணிக்கை செய்யக் கூடாது. நிர்வாகக் குழுவில் உறவினர் இருந்தாலும் ஒதுங்க வேண்டும். வழக்கறிஞர் வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது ஒன்று, வழக்கில் பொறுப்பேற்பது வேறு. எது என்று தாளில் இருக்கட்டும். மருத்துவ முகாமில் நடக்கும் பெரிய தவறு, பரிசோதனையோடு நிறுத்திவிடுவது. இரத்த அழுத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று சொல்லாமல் அனுப்பினால் அந்த மனிதருக்குப் பயம் மட்டும்தான் மிச்சம். முகாமுக்கு முன்பே ஒரு மருத்துவமனையோடு எழுத்தில் ஏற்பாடு, முடிவைத் தனியாகச் சொல்ல மறைவான இடம், இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. இந்த மூன்றும் இல்லையென்றால் முகாமைத் தள்ளிவைப்பதே நல்லது.

வேலை நடக்கும்போது கெடும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை. தன்னார்வலர் தன் சொந்த மின்னஞ்சலில் இணையதளத்தைத் தொடங்கிவிடுவார். அவர் ஊர் மாறிப் போனதும் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருக்குப் போகும், தளம் நின்றுவிடும். எல்லாக் கணக்கும் நிறுவனத்தின் மின்னஞ்சலில்தான் தொடங்க வேண்டும், நிர்வாக அனுமதி நிறுவனத்தின் ஊழியர் இருவரிடம் இருக்க வேண்டும். இன்னொன்று, திறமையைக் காட்டும் ஆசை. பத்து சூத்திரங்கள் கோத்த அழகான ஸ்ப்ரெட்ஷீட்டை அங்குள்ள யாராலும் திருத்த முடியாமல் போனால், பழைய நோட்டுப் புத்தகமே மேல். அவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் கருவியில்தான் நம் வேலையும் இருக்க வேண்டும். "இதையும் கொஞ்சம் பார்த்துடுங்களேன்" என்று வரும் கோரிக்கையை மறுக்க மனம் வராது, அதற்குத்தான் தாள். புதிய வேலை என்றால் புதிய வரி, புதிய தேதி.

ஊழியர்களின் மனமும் கணக்கில் வர வேண்டும். கணக்கைப் பார்க்க வெளியாள் வருகிறார் என்றதும் தன்மேல் சந்தேகமோ, தன் வேலை போய்விடுமோ என்று ஒருவர் பயப்படுவது இயல்பு. அவரையே முதலில் சந்தித்து, அவர் சொல்லும் வரிசையில் வேலையைத் தொடங்கினால் பூட்டிய அலமாரிகள் திறக்கும்.

ஐ.நா. பொதுச்சபை 1985-ல் டிசம்பர் 5-ஐ சர்வதேசத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. அந்த நாளில் வர எல்லாருக்கும் ஆசை. நீங்கள் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு சாதாரண வாரத்தில் தொடங்குங்கள். மாதம் ஒருமுறை 20 நிமிடம் பேசினால் போதும்: அவர்கள் மேசையிலிருந்து எது இறங்கியது, எது புதிதாக ஏறியது. நாம் உழைத்த மணி நேரத்தைவிட இதுவே சரியான அளவு.

முடிக்கும் விதத்துக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். வேலை எப்படி நடக்கிறது என்பதை இரண்டு பக்கத்தில், திரைப் படங்களோடு எழுதிவைக்க வேண்டும். பிறகு ஊழியர் அதைப் பார்த்து முழு வேலையையும் தானே ஒருமுறை செய்யட்டும்; பக்கத்தில் உட்காரும் தன்னார்வலர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள், அதை அப்போதே சேர்க்க வேண்டும். அடுத்த 30 நாள் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். 31-ம் நாள் பாஸ்வேர்டுகளை நிறுவனம் மாற்றிக்கொள்ளட்டும், பகிர்ந்த கோப்புகளிலிருந்து நம் பெயர்களை நீக்கட்டும். நம் மடிக்கணினியிலும் தொலைபேசியிலும் தங்கிவிட்ட நகல்களை அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று பொறுப்பாளருக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.