தறி நெய்வதும் தறி ஓட்டுவதும்

காஞ்சிபுரத்திலோ சென்னிமலையிலோ ஒரு நெசவாளரிடம் என்ன தொழில் என்று கேட்டால், தறி நெய்வதாகச் சொல்வார். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் அதே கேள்விக்குத் தறி ஓட்டுவதாகப் பதில் வரும். மோட்டார் ஓடுகிறது, மில் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது என்று எந்த இயந்திரத்தையும் ஓடவிட்டே பேசுவது நம் வழக்கம். ஆகவே நெய்தல் ஓட்டுதலாக மாறிய இடத்திலேயே, கைவலு போய் மின்சாரம் வந்துவிட்ட செய்தி அடங்கியிருக்கிறது. எழுத்துத் தமிழ் இதைப் பெயர்ச்சொல்லில் காட்டுகிறது: ஒன்று கைத்தறி, மற்றது விசைத்தறி.

விசைத்தறி வரும்வரை தறியின் முன்னால் ‘கை’ சேர்க்க வேண்டிய தேவையே இருந்திராது. கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கிவைத்த 1985ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்றே வரையறுக்கிறது. பல நூற்றாண்டு மூத்த ஒரு கருவி, தனக்குப் பின்னால் வந்த ஒன்று ‘இல்லாதது’ என்ற அளவில் சட்டத்துக்குள் இடம்பிடித்திருப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

‘விசை’ என்ற முன்னொட்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. விசைத்தெளிப்பான், விசை உழுவை என்று சொல்லும்போது, வலு மனிதனிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ வரவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் உரிமை கொண்டாடுவதில்லை. கடற்கரையில் மட்டும் இந்தச் சொல் தடம் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடப்பில் இருக்கும்போது விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்வருகின்றன. அந்த நாட்டுப்படகுகளில் மிகப் பல, பின்புறம் இயந்திரம் பொருத்திய பைபர் படகுகளே. விசை அவற்றிலும் உண்டு. ஆனால், மீனவர் பேச்சிலும் அரசு அறிவிப்பிலும் விசைப்படகு என்றால், உள்ளேயே பெரிய டீசல் எஞ்சின் வைத்துக் கட்டிய, பெரும்பாலும் இழுவலை இழுக்கும் படகு என்றுதான் பொருள். இயந்திரம் இருக்கிறதா என்ற கேள்வியாக இருந்தது, எவ்வளவு பெரியது, எந்த வலை என்ற கேள்வியாக மாறிவிட்டது. அகராதியை மட்டும் நம்பி அறிவிப்பைப் படிப்பவர், கடலில் இயந்திர ஓசை கேட்டால் தடையை மீறிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘தானியங்கி’ என்ற சொல்லால் நேர்கிறது. மின்சாரத்தால் ஓடும் எதையும் தானியங்கி என்று எழுதும் பழக்கம் விளம்பரங்களிலும் செய்திகளிலும் பரவியிருக்கிறது. சாதாரண விசைத்தறியில் மின்சாரம் உண்டு. ஆனால் குறுக்கு நூலைப் பாவின் ஊடே கொண்டுபோகும் நாடாவுக்குள், நூல் சுற்றி வைத்திருக்கும் தாரில் நூல் தீர்ந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான் தறியை நிறுத்தி வேறு தார் மாற்றியாக வேண்டும். ஆள் இல்லாமலே அந்த மாற்றம் நடக்கும் தறியையும் நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியையும்தான் தானியங்கித் தறி என்று சொல்வது பொருந்தும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொண்டது. அந்தக் குடும்பத்திலிருந்து பிறந்த கார் நிறுவனம், தானியக்கத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில் ‘இயங்கு’ என்னும் எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் உறுப்பையும் சேர்த்து எழுதுகிறது. பிழை நேர்ந்தால் அறிந்து நின்றுகொள்ளும் இயந்திரத்தை, வெறுமனே அசையும் இயந்திரத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக.

வலு எங்கிருந்து வருகிறது என்பதும், எப்போது என்ன செய்வது என்று தீர்மானிப்பது யார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். எலிப்பொறியில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. மசால்வடையை எலி தொட்டதும் கதவு விழுவதற்கு அருகில் ஆள் நிற்க வேண்டியதுமில்லை. பழந்தமிழில் ‘பொறி’ என்ற சொல் இந்த இரண்டாவது கேள்விக்கு நெருக்கமாக நின்றிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை, மதுரை மதிலின் காவல் கருவிகளை அடுக்கும்போது வளைவிற்பொறியைச் சொல்கிறது. வளைந்து தானே எய்யும் வில் என்று அதற்கு உரை கூறுவார்கள். அந்த வில் உண்மையில் இருந்ததா, புலவரின் கற்பனையா என்பது வேறு விவாதம். உரையில் உள்ள ‘தானே’ என்ற சொல்தான் எனக்கு முக்கியம். ‘எந்திரம்’ அப்படியில்லை. ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்று ஐங்குறுநூறு சொல்வது சாறு பிழியும் ஆலையை. அது உழைப்பைப் பெருக்கும் கருவி, தானாகத் தீர்மானிக்கும் கருவியன்று.

இலங்கைத் தமிழில் ‘தன்னியக்க’ என்று எழுதுகிறார்கள். அதை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறேன். ‘தானியங்கி’ ஒரு பொருளின் பெயராக உறைந்துவிட, ‘தன்னியக்கம்’ பண்பாகவும் செயலாகவும் விரிந்து கொடுக்கிறது. தன்னியக்கக் கதவு, கதவின் தன்னியக்கம் என்று இரு பக்கமும் புரட்டலாம். ‘ஆளில்லா விமானம்’ என்ற தொடரோ இந்தக் கேள்விக்குள் வராமலே தப்பிவிடுகிறது. விமானத்துக்குள் ஆள் இல்லை என்கிறதே தவிர, தரையில் கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு நிற்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

கிராமத்து வழக்கு இதையெல்லாம் சுருக்கமாக முடித்துக்கொள்கிறது. கிணற்று மோட்டாருக்கு ‘ஆட்டோ போட்டுவிடு’ என்றால், மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும் அதுவாக ஓடத் தொடங்க வேண்டும் என்று பொருள். தொடங்குவதற்கு மட்டுமே அந்த ஆட்டோ. வயல் நிரம்பியதையோ கிணறு வற்றியதையோ அது அறியாது. மடையை அடைப்பதற்கு மண்வெட்டியோடு ஆள் போயாக வேண்டும்.