திருச்சியில் வீடு பார்த்த ஐந்து ஞாயிறு

ஒன்பது வருஷமாகக் கண்டியூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஆறேகால் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் ஜங்ஷன், அங்கிருந்து ரயில், திருச்சியில் இறங்கிக் கன்டோன்மென்ட் ஆபீசுக்கு நடை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது எட்டரை ஆகிவிடும். மகன் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு. கணவர் சிங்கப்பூரில். அம்மாவுக்கு மூட்டுவலி. மூன்று பேருமாகத் திருச்சிக்கே போய்விடுவது என்று முடிவானதும், ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் சுற்றி வீடு பார்த்தேன்.

அம்மா கேட்டது இரண்டுதான். தரைத்தளமாக இருக்க வேண்டும். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட மண் வேண்டும். "சிமெண்டுல போட்ட கோலம் எனக்குக் கோலமாவே தெரியலடி" என்றாள்.

நான் பார்த்தது தண்ணீரை. கோடையில் வருமா, மழையில் எவ்வளவு ஏறும்? ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு இது தானாக வருகிற கேள்வி. புரோக்கரிடம் இதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. தெருவில் இஸ்திரி போடுகிறவரிடமும் கீரை விற்கிற அம்மாவிடமும் கேட்டால் உண்மை வந்துவிடும்.

முதலில் கே.கே.நகர். அகலத் தெரு, பக்கத்திலேயே பள்ளிக்கூடங்கள், ஆபீசுக்கும் பக்கம். ஆனால் திருச்சியின் தென்பக்கம் மேட்டு நிலம், அடியில் பாறை. நான் பார்த்த வீட்டில் சித்திரை, வைகாசியில் போர்வெல் காற்றைத்தான் இழுக்குமாம், லாரித் தண்ணீர் வாங்குவார்களாம். வீட்டுக்காரம்மாவே மறைக்காமல் சொன்னார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் கருமண்டபம், வயலூர் ரோடு. பத்தாயிரம் வாடகையில் மிக நல்ல வீடு ஒன்று கிடைத்தது. முன்னால் வேப்பமரம், மண் வாசல், அம்மாவுக்கென்றே கட்டியதுபோல் இருந்தது. தெருமுனை இஸ்திரிக்காரர்தான் என்னை நிறுத்தினார். "2005ல இங்க எங்க வரைக்கும் வந்துச்சு தெரியுமாம்மா?" என்று தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் பக்கம் ஆறுகள் பிரியும். திருவையாற்றைச் சுற்றிக் காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று தண்ணீர் ஐந்தாகப் போய் வயலுக்குள் கரைந்துவிடும். திருச்சியின் மேற்கில் நிலைமை தலைகீழ். தெற்கே இருக்கும் மேட்டிலிருந்து கோரையாறு இறங்கி வந்து, கடைசியில் குடமுருட்டி என்ற பெயரிலேயே காவிரியில் சேருகிறது. (எங்கள் ஊர் ஆற்றின் பெயர்தான் என்பதால் அதைக் கேட்டபோது மனசு கொஞ்சம் இளகியது.) காவிரி நிரம்பி ஓடும்போது தெற்கிலும் மழை கொட்டினால், கோரையாற்றுத் தண்ணீருக்கு உள்ளே நுழைய வழி இல்லாமல் பின்வாங்கித் தெருவுக்குள் ஏறும். அதனால் காவிரியைவிட முதுகுப்பக்கம் இருக்கும் சின்ன ஆற்றுக்குத்தான் இங்கே பயப்பட வேண்டும். 2005 வெள்ளத்துக்குப் பின் கரைகளைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் மூட்டுவலிக்காரியைத் தரைத்தளத்தில் வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. அந்த வேப்பமரத்தை விட்டு வந்ததில் இன்னும் வருத்தம் உண்டு.

காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கம் பாதி மனசோடு போய் முழு மனசோடு திரும்பினேன். தஞ்சாவூர் ரயில் திருவெறும்பூரில் நிற்கும், ஊருக்குப் போய்வர அம்மாவுக்கு வசதி. மத்திய அரசின் பெல் (BHEL) தொழிற்சாலை 1960களில் வந்ததிலிருந்து வளர்ந்த பகுதி. கடை, மருத்துவமனை எல்லாம் இருக்கிறது. வடக்கே கொஞ்சம் உள்ளே போனால் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் வயல், வாழை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்த மாதிரியே இருந்தது. வாடகையும் ஒன்பதாயிரத்துக்குள்.

தடுத்தது தஞ்சாவூர் ரோடு. பஸ், லாரி, கார் எல்லாம் ஒரே வேகத்தில் பாயும் நெடுஞ்சாலை ஊரை இரண்டாக வெட்டுகிறது. நான் பார்த்த வீடு ஒருபுறம், பள்ளி மறுபுறம். சாலையைக் கடக்க ஒரு தாத்தா சைக்கிளோடு காத்து நின்றார். நான் டீ குடித்து முடிக்கும்வரை அவரால் கடக்க முடியவில்லை. பதினோரு வயதுப் பையன் தினம் இரண்டு முறை அங்கே நிற்பதை என்னால் நினைக்க முடியவில்லை. பள்ளியும் வீடும் ஒரே பக்கம் அமைந்தால் நான் இன்றும் காட்டூருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

ஸ்ரீரங்கத்தில் தண்ணீருக்குக் கவலை இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலிருக்கும் தீவு அல்லவா, மணலுக்கு அடியில் ஊற்று. ஆனால் நான் ஏறி இறங்கிய நான்கு வீட்டிலும் முதல் கேள்வி, "நீங்க சைவமா?" அம்மா வைக்கும் கெளுத்தி மீன் குழம்பை மறைத்து ஒரு வீட்டில் குடியிருக்க எனக்கு விருப்பமில்லை. கேட்ட விதம் வலித்தது, அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

அதே தீவின் கிழக்கே திருவானைக்கோவில். நீருக்கான தலம். கருவறையில் லிங்கத்தைச் சுற்றி எப்போதும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது ஞாயிறு அம்மாவையும் கூட்டிப்போனேன். கோவிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுவீடு. பின்கட்டில் அடிபம்பு. நாலு அடி அடித்ததும் தண்ணீர் வந்தது. அம்மா கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "நம்ம ஊருத் தண்ணி மாதிரிதான் இருக்கு" என்றாள். வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாடகை பதினோராயிரம். என் கணக்கைவிட ஆயிரம் கூடுதல்.

குறை இல்லாமல் இல்லை. ஆபீசுக்குப் போகக் காவிரிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1976ல் கட்டிய பாலம். 2022ல் பழுதுபார்க்க மூடியபோது இந்தப் பக்கத்துச் சனம் மாதக்கணக்கில் பைபாஸ் பாலத்தைச் சுற்றிப் போயிருக்கிறது. கல்லணை வழியாக ஊருக்கு ஸ்கூட்டியிலேயே போகலாம் என்பது பெரிய சந்தோஷம்தான், ஆனால் வெள்ளக் காலத்தில் உத்தமர்சீலி தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

டோக்கனாக ஐயாயிரம் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் வந்து இந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டுத்தான் மீதி அட்வான்ஸ் தருவேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாங்க, நானும் குடையோட கூட நிக்கிறேன்" என்றார்.