நூதனசாலையில் வொயேஜர் பார்த்த நாள்

நம் பழைய மாணவர் மலருக்கு வருகிற நினைவுக் கட்டுரைகளில் கிரிக்கெட்டும் கலைவிழாவும் நிறையவே இருக்கின்றன. 1990 தொடக்கத்தில் எங்கள் உயர்தர விஞ்ஞான வகுப்பைக் கொழும்பு நூதனசாலைக்கு (அருங்காட்சியகத்துக்கு) கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய அந்த விண்வெளிப் படத்தைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. எனக்கு இது பெரிய குறை, ஏனென்றால் பள்ளிக்கூடம் எனக்குச் செய்த நல்லதுகளில் முதல் இடத்தை அந்த நாளுக்குத்தான் கொடுப்பேன்.

89 எப்படிப் போனது என்று அப்போது கொழும்பில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரடங்கு, கடையடைப்பு, திறந்தால் பூட்டுவதும் பூட்டினால் எப்போது திறக்கும் என்று தெரியாததுமான பள்ளிக்கூடம். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அமெரிக்காவின் வொயேஜர் 2 விண்கலம் நெப்ரியூனைக் கடந்து போனது, நாங்கள் பேப்பரில் ஒரு சின்னப் படம் பார்த்ததோடு சரி. அதனால் எங்கள் பௌதிகவியல் சேர் வந்து, நூதனசாலையில் படம் காட்டுகிறார்கள், பேசவும் ஆட்கள் வருகிறார்கள் என்றபோது வகுப்பே எழும்பி நின்றது. கொழும்பு பாண்ஸ் பிளேசில் இருந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கே வருவார் என்று ஒரு கதையும் கிளம்பியது, அவர் வரவில்லை.

1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடம், முன்னால் அதை நிறுவிய ஆளுநர் வில்லியம் கிரகரியின் சிலை, பக்கத்தில் பெரிய மரங்கள். புல்லில் இருந்து மாலு பாண் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். படம் ஆங்கிலம். அமெரிக்க விஞ்ஞானிகள் பேசுகிற வேகத்துக்கு எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, வியாழனும் சனியின் வளையங்களும் திரையில் வர வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம், அவ்வளவுதான். கோள்மண்டலத்தோடு (பிளானெட்டேரியம்) தொடர்புள்ள ஒருவர் முதலில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினார், நன்றாகவே பேசினார். அதற்குப் பிறகு ரீல் மாற்றுகிற இடைவெளியில் இரண்டாவது விருந்தினர் எழுந்தார். பல்கலைக்கழக விரிவுரையாளர், மெல்லிய மனிதர், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சேட்டு. "கொஞ்சம் தமிழிலும் கதைப்பமா?" என்று கேட்டார். அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் படமே வேறாகிவிட்டது.

கரும்பலகை கிடையாது. புரொஜெக்டர் வந்த மரப்பெட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, சேட்டுப் பையிலிருந்து சோக்கை எடுத்துக் கீறத் தொடங்கினார். இவ்வளவு தூரம் போக எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர் எடுத்த கேள்வி. வெள்ளவத்தைக் கடற்கரையில் எதிரே வருகிற ரயிலின் முகத்தில் ஒரு பந்தை எறிந்தால், அது நீங்கள் எறிந்த வேகத்தோடு மட்டும் திரும்பாது, ரயிலின் வேகத்தில் இரண்டு மடங்கையும் சேர்த்துக்கொண்டு திரும்பும், ரயிலுக்கோ அந்த இழப்பு தெரியவே தெரியாது. வியாழனிடம் வொயேஜர் வாங்கியதும் அப்படி ஒரு வேகம்தான், மோதாமல் ஈர்ப்பில் வளைந்து போய் வாங்கியது என்றார். மொத்த உந்தம் மாறாது என்கிற உந்தக் காப்பு விதியைப் பரீட்சைக்காகப் பாடமாக்கி வைத்திருந்த எனக்கு, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வியாழன், சனி, யுரேனஸ், நெப்ரியூன் நான்கையும் இப்படி ஒரே பயணத்தில் தொட்டுக்கொண்டு போகிற வரிசை சுமார் 176 வருடத்துக்கு ஒருமுறைதான் அமையும். நெப்ரியூனில் சூரிய வெளிச்சம் நமக்குக் கிடைப்பதில் 900இல் ஒரு பங்கு, அதனால் சூரியத் தகடு உதவாது, புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்துதான் மின்சாரம். அங்கிருந்து பேசுகிற ஒலிபரப்பியின் சக்தி 20 வாற்றுச் சொச்சம், சமிக்ஞை பூமிக்கு வந்துசேர 4 மணித்தியாலத்துக்கு மேல். எல்லாவற்றையும் தமிழில், எங்கள் பாடப்புத்தகச் சொற்களிலேயே சொன்னார்.

வொயேஜர் 2 ஏவப்பட்ட திகதி 1977 ஆகஸ்ட் 20 என்றதும் எங்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. தமிழருக்கு எதிரான 77 கலவரம் நடந்த கிழமை அது. வீட்டுக்கு வீடு கேட்டு வளர்ந்த கதைதானே. அவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் தொடர்ந்தார்.

படம் முடிந்து கேள்வி நேரத்தில், வொயேஜர் கொண்டுபோகிற, பொன்முலாம் பூசிய ஒலித்தட்டைப் பற்றிப் பின்வரிசையிலிருந்து எங்கள் வகுப்புப் பெடியன் ஒருவன் கேட்டான். 55 மொழிகளில் வணக்கம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, "ஏன் சேர் தமிழ் இல்லை?" மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது, அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வி எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் பயம். விரிவுரையாளர் கோபப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "தம்பி, அவசர அவசரமாச் செய்த வேலை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில கிடைச்ச ஆக்களைப் பிடிச்சுத்தான் கனக்கப் பதிஞ்சவை. அந்த நேரம் எங்கட ஆள் ஒருத்தரும் அந்த அறைக்குள்ள நிக்கேல்ல. நீங்கள் போய் நில்லுங்கோ" என்றார்.

சொல்லிவிட்டு எங்களைக் கல்வெட்டுகள் இருக்கிற பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல் நிற்கிறது. தலைப்பில் இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது, அதில் உள்ள ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரவில் இருந்த தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்கின்றன. நான்ஜிங்கிலேயே எழுத்து வெட்டிக் கப்பலில் ஏற்றியது என்றார். தூர தேசத்துக்குப் புறப்பட்ட ஒரு பயணி, போகிற இடத்தில் படிக்கட்டும் என்று தமிழை வெட்டி எடுத்து வந்திருக்கிறான்! அங்கேயும் யாரோ ஒரு தமிழ் தெரிந்தவர் நின்றிருக்கத்தானே வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்து பிறகு பொறியியலுக்கும் பௌதிகவியலுக்கும் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கல்லுக்கு முன்னால் நின்ற நேரத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

2023 நவம்பரில் வொயேஜர் 2இன் சோடிக் கலமான வொயேஜர் 1 விளங்காத தரவுகளை அனுப்பத் தொடங்கியபோது நான் ரொறன்ரோவில் தினமும் செய்தி தேடிக்கொண்டிருந்தேன். பழுதான ஒரு நினைவகச் சில்லிலிருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2,400 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த கலத்தை 2024 ஏப்ரலில் மீண்டும் ஒழுங்காகப் பேசவைத்தார்கள். ஒரு கட்டளை போய்ச்சேரவே இருபத்திரண்டரை மணித்தியாலம். என் மகளுக்கு அதை விளக்கும்போது எனக்கு வந்த சொற்கள் அந்த விரிவுரையாளரின் சொற்கள்.

இனி நிர்வாகக் குழுவுக்கு. இந்த வருடம் கணினி வாங்கிக் கொடுப்பது பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது, செய்யுங்கள். அதோடு உயர்தர மாணவர்களுக்கு அதே நூதனசாலையில் ஒரு வானியல் படம் காட்ட வேண்டும், முடிந்தபின் தமிழில் விளக்க இரண்டு பேரையாவது அழைக்க வேண்டும், மும்மொழிக் கல்லையும் காட்ட வேண்டும். இப்போது படத்தை யாரும் தொலைபேசியில் பார்த்துவிடலாம், எதிரில் நின்று கேள்வி வாங்குகிற ஆள்தான் கிடைப்பதில்லை. மண்டப வாடகையில் பாதியை நான் தருகிறேன். நம்மில் இந்தத் துறைகளில் இருப்பவர்கள், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பின்னேரம் ஒதுக்கிப் பேச முடியுமென்றால், செயலாளரிடம் பெயரையும் போகிற மாதத்தையும் கொடுத்துவையுங்கள்.