இன்ஸ்டாவில் களையெடுப்பு

ஆத்தங்குடிக் கல் ரீல் ஒன்றுக்கு லைக் போட்டாலும் போட்டேன், இன்ஸ்டாகிராம் முழுக்க செட்டிநாட்டு வீடுகளாகவே வருகிறது. நான் இருப்பதே காரைக்குடி. தெருவில் பார்க்கிற தேக்குத் தூணை போனில் வேறு பார்க்க வேண்டுமா?

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒழித்துக்கட்டினேன். சேலைக் கடை, சமையல் பக்கமெல்லாம் அன்ஃபாலோ. சொந்தக்காரர்கள்தான் சிக்கல். அயித்தையை அன்ஃபாலோ செய்தால் முன்னோருக்குப் படைக்க உறவெல்லாம் கூடும் அடுத்த படைப்பில் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்கள். அதற்கு மியூட் இருக்கிறது; போட்டது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் நிறுத்திவைக்கவும் செட்டிங்ஸில் வழி உண்டு.

2022-ல் வந்த ‘ஃபாலோயிங்’ பக்கத்தில் நாம் தொடர்பவர்கள் மட்டும் தேதி வரிசையில் வருவார்கள். ஆனால் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் நாமேதான் அங்கே போக வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.