சோக்கேகிராவ்: ஆற்றுக்கு இறங்கி, மலைக்கு ஏறி

ஊர் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. முழங்காலுக்குக் கீழே பூச்சி கடித்த சிவப்புப் புள்ளிகள் இன்னும் ஆறவில்லை. அந்த அரிப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெரு என்றதும் "செலவை மறக்காமல் எழுது" என்று கேட்டவர்கள் நிறைய. சொல்கிறேன். பெருவின் பணம் சோல். நான் போனபோது ஒரு சோலுக்கு ஏறக்குறைய 23 ரூபாய்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களின் மலை நகரம் மச்சு பிச்சு. அதற்கு இன்கா பாதை வழியாக நடந்து போவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. 43 கிலோமீட்டர், நாலு நாள். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. வழிகாட்டியும் சுமை தூக்குபவர்களும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். மே, ஜூன் மாத இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று தெரிந்துதான் நானும் நண்பனும் கிளம்பினோம். ஆனால் குஸ்கோ நகரத்தில் ஒரு டூர் ஏஜென்சிக்காரர், "ரெண்டு பேர் ரத்து செய்திருக்கிறார்கள், ஆளுக்கு 900 டாலர், இப்பவே கட்டினால் இடம் உங்களுக்கு" என்று பிடித்துக்கொண்டார். அந்த அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட் எண் போட்டுக் கொடுப்பது, வேறு ஆளுக்கு மாற்றவே முடியாது. அதை நாங்கள் சொன்னதும் குரலை உயர்த்தினார். அப்படி யாராவது கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

அன்று இரவு கோகா இலைத் தேநீர் குடித்துக்கொண்டே முடிவு செய்தோம். மச்சு பிச்சு வேண்டாம், சோக்கேகிராவ் போவோம். அதுவும் இன்கா நகரம்தான், அபுரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரயில் கிடையாது, மேலே போகப் பேருந்து கிடையாது. கேபிள் கார் வரப்போகிறது என்று பல வருடமாகப் பேச்சு மட்டும் இருக்கிறது. இப்போதைக்குக் கால்தான் வண்டி. நுழைவுக் கட்டணம் 60 சோல். மச்சு பிச்சுவுக்கு 152 சோல், ரயிலுக்கு அதைவிடப் பல மடங்கு. கணக்குப் பார்த்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

குஸ்கோவிலிருந்து அபன்காய் போகும் வேனில் ஏறி, காச்சோரா பிரிவில் இறங்கினோம். வேன் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கிருந்து, நடை தொடங்கும் கபுலியோக் வரை டாக்ஸி. 60 சோல் என்று பேசித்தான் ஏறினோம். கபுலியோக்கில் பைகளை இறக்கியதும் "ஆளுக்கு 60" என்றார் டிரைவர். எங்களுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் நாற்பது வார்த்தை, அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வாதாட முடியும்? கடைசியில் 90 கொடுத்தோம். முப்பது சோல் போனதைவிட, அந்த மலை விளிம்பில் நின்று முதல் முறை பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பணத்துக்காகச் சண்டை போட்டதுதான் எனக்கு வருத்தம். விலையைத் தாளில் எழுதி டிரைவரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது நாங்கள் அப்படித்தான் செய்தோம், பேசிய தொகைக்கு மேல் ஒரு காசு கேட்கவில்லை.

சரி, நடைக்கு வருகிறேன். கபுலியோக் 2,900 மீட்டர். அங்கிருந்து ஆறு ஓடும் பிளாயா ரோசலினாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்க வேண்டும். பிறகு எதிர்மலையில் அதே அளவு ஏற வேண்டும். எதிர்மலையில் வளைந்து வளைந்து போகும் பாதை முதல் நாளே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. இறக்கம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். தூள் மண்ணும் சரளைக் கல்லுமாக, இரண்டாவது மணி நேரத்திலேயே முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். ஊன்றுகோல் இல்லாமல் போகவே கூடாது. குஸ்கோவில் வாடகைக்குக் கிடைக்கும்.

கீழே இறங்க இறங்கச் சூடு ஏறுகிறது. சிக்கிஸ்காவில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு அம்மா சிரிமோயா விற்றுக்கொண்டிருந்தார். பிளந்து பார்த்தால் நம் சீத்தாப்பழத்தின் அக்கா! அதே வெள்ளைச் சதை, அதே கறுப்பு விதை, மணல் மாதிரி நறநறப்பு மட்டும் இல்லை. சீத்தாப்பழத்துக்கும் அமெரிக்கக் கண்டம்தான் பூர்வீகம் என்று படித்திருக்கிறேன். வாயில் போட்டபோதுதான் அது மனதில் ஏறியது. மூன்று பழம் பத்து சோல்.

பூச்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆற்றோரத்தில் எள் அளவே இருக்கும் ஒரு ஈ. கடிக்கும்போது வலிக்காது. எடுத்துப் பார்த்தால் தோலில் ஊசி முனை அளவு ரத்தம், அரை மணி நேரத்தில் வீக்கம், பிறகு பத்து நாள் அரிப்பு. எவ்வளவு வெயிலாக இருந்தாலும் முழுக்கால் சட்டை போடுங்கள். நான் அரைக்கால் சட்டையில் போய் அனுபவித்தேன்.

அபுரிமாக் என்றால் இன்காக்களின் கெச்சுவா மொழியில் 'பேசும் தெய்வம்' என்று பொருள். தொங்குபாலத்தில் நின்றபோது அந்தப் பெயர் விளங்கியது. பக்கத்தில் நிற்கும் நண்பனின் குரல் கேட்கவில்லை, ஆறு மட்டும்தான் பேசுகிறது. மறுநாள் ஏறி ஏறி, ஆறு ஒரு நூல் மாதிரி ஆன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

அந்த ஏற்றம் கொடுமை. விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள், வெயில் வந்துவிட்டால் ஒதுங்க நிழல் கிடையாது. சாந்தா ரோசாவில் கரும்புத் தோட்டத்துப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்தோம். அதற்கு மேல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நின்று நின்றுதான் ஏறினோம். பைகளுக்கு ஒரு கோவேறு கழுதை பேசியிருந்தோம், கழுதைக்காரருக்கும் சேர்த்து நாளுக்கு 100 சோல். இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு அதுதான். அவர் எங்களை விட மூத்தவர், டயர் ரப்பர் செருப்பில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டே, ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்து "பொகோ அ பொகோ" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம்.

மராம்பாத்தா சில குடும்பங்களே இருக்கும் ஊர். அங்கே சாப்பிட்ட சாப்பாடு இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம். ஆழமான தட்டில் கீனுவா தானிய சூப், அதில் முழுசு முழுசாகக் கிடந்த உருளைக்கிழங்கு. தோல் கத்தரிப்பூ நிறம், வெட்டினால் உள்ளே மஞ்சள், மாவு மாவாக உதிர்கிறது. அப்புறம் சோறு, மைசூர்ப் பருப்பைக் கெட்டியாக வேகவைத்த மாதிரி ஒரு குழம்பு, மேலே ஒரு பொரித்த முட்டை. பக்கத்தில் கல்லில் நசுக்கிய ரொக்கோட்டோ மிளகாய். "காரம், ஜாக்கிரதை" என்று சென்யோரா, அதாவது அந்த வீட்டு அம்மா, கையால் சாடை காட்டினார். நான் ஒரு கரண்டி அள்ளிச் சோற்றில் பிசைந்ததும் அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். மிளகாயும் உருளைக்கிழங்கும் இந்தக் கண்டத்திலிருந்துதான் நம் அடுப்படிக்கு வந்தன. அந்தத் தட்டின் முன்னால் எனக்கு வெளிநாட்டில் இருக்கிற எண்ணமே வரவில்லை. 20 சோல். இரண்டாம் முறை சோறு போட்டதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

சோக்கேகிராவ் நகரத்துக்குள் மறுநாள் காலை நுழைந்தபோது, அந்தப் பெரிய மைதானத்தில் எங்களைத் தவிர நாலே பேர். மச்சு பிச்சுவுக்குத் தினமும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போகிறார்கள். மச்சு பிச்சுவை வெளியுலகுக்குத் தெரியவைத்த அமெரிக்கர் ஹைராம் பிங்காம் அங்கே போனது 1911இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1909இல், அவர் இங்கே வந்துவிட்டார். ஆனாலும் கட்டடங்களில் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள்தான் இருக்கிறது. குஸ்கோ சுவர்களில் பார்க்கும் வழவழப்பான கல் பொருத்தம் இங்கே இல்லை. இந்த மலையில் கிடைப்பது ஏடு ஏடாகப் பிரியும் கல், அதைச் செதுக்கி மெருகேற்ற முடியாது. அதனால் அடுக்கிக் களிமண் பூசியிருக்கிறார்கள். மச்சு பிச்சு அளவுக்கு அழகில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 1536இல் ஸ்பானியர்களை எதிர்த்து எழுந்த இன்கா மன்னர் மான்கோ இன்காவின் வம்சம், 1572 வரை தாக்குப்பிடித்தது இந்த வில்கபம்பா மலைகளில்தான். இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிப் பார்த்தால், அது எப்படிச் சாத்தியமானது என்று கால் சொல்லும்.

இனி லாமாக்கள். புத்த பிக்குகள் இல்லை, இந்த மலைகளில் சுமை தூக்கும், ஒட்டக இனத்து விலங்கு. மைதானத்திலிருந்து மேற்குச் சரிவில் முக்கால் மணி நேரம் செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். பல பேர் முழங்கால் வலிக்குப் பயந்து இதை விட்டுவிடுகிறார்கள். விடவே விடாதீர்கள்! அடுக்கு வயல்களின் கறுத்த தடுப்புச் சுவர்களுக்குள் வெள்ளைக் கல் பதித்து வரிசையாக லாமாக்கள் செய்திருக்கிறார்கள். கழுத்து நீண்டு, கால் விரிந்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் குட்டி. கிட்டப் போய் நின்றால் உருவம் கலைந்து வெறும் கற்கள். ஒரு கல் என் உள்ளங்கை அகலம், ஓரத்தில் பாசி, இடுக்கில் ஒரு சின்னப் புல். எதிரே பார்வை மேடைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் லாமா. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் காட்டை வெட்டி இவற்றை வெளியே கொண்டுவந்தார்கள்.

அன்று மாலையே இறங்குவதாகத் திட்டம். கடைசி நாளில் ரயில் ஏறி மச்சு பிச்சுவையும் பார்த்துவிடலாமா என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்திருந்தோம். அதிலிருந்து கூடாரத்துக்கு 10, சாப்பாட்டுக்கு 40, கழுதைக்கு இன்னொரு நாள் 100 என்று எடுத்து மராம்பாத்தாவில் இன்னொரு இரவு தங்கினோம். விடிந்ததும் சென்யோரா துணியில் கட்டிக் கொடுத்த வெந்த உருளைக்கிழங்கோடு மறுபடியும் அந்தப் படிகளில் இறங்கினோம். எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, உப்பைத் தொட்டுத் தின்றுகொண்டே லாமாக்களை எண்ணினோம். நண்பன் ஒரு எண் சொன்னான், எனக்கு வேறு எண் வந்தது. சுவரில் புல் மூடிய இடத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதையும் சேர்ப்பதா வேண்டாமா என்று வெயில் மேலே வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.